வெளித் தாழ்ப்பாள்

எதையும் வீணாக்கக் கூடாது என்பது அந்தத் தொண்டு நிறுவனத்தின் பிடிவாதம். பாழடைந்து கிடந்த புறநகரில், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை வைத்தே நூலகம் கட்டினார்கள். தன் வீட்டையே நன்கொடையாகக் கொடுத்தவரின் அறைக்கதவு தச்சரிடம் வந்தது. உட்பக்கம் முழுக்க நகக்கீறல்கள்.

“நாய் பிராண்டியிருக்கும், இழைச்சிடுங்க” என்றாள் மேற்பார்வைக்காரி.

“தலை உயரத்துக்கு எந்த நாய்ம்மா எட்டும்?” என்று எரிந்து விழுந்தார் தச்சர். தாழ்ப்பாளோ வெளிப்பக்கம் இருந்தது. மூன்று முறை இழைத்தும் கீறல்கள் போகவில்லை.

திறப்பு விழாவன்று நன்கொடையாளர் அந்தக் கதவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

“திறங்க சார், உள்ள யாருமில்ல” என்றார் தச்சர்.

நன்கொடையாளர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

“கொஞ்சம் இருங்க. அம்மா சத்தம் அடங்கட்டும்.”