இரண்டு நிமிடப் பேச்சு

படங்களுக்குச் சட்டம் போடுகிறவருக்குத் திக்குவாய். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. மனைவியிடம் மணிக்கணக்காகப் பேசுவார், ஒரு சொல் தடுக்காது. நாலு பேர் கூடினால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. அவர் கடைக்கு எதிரே பஸ் ஏறுவாள். அந்த நிறுத்தத்தைத்தான் நகராட்சி பாலத்துக்கு அப்பால் மாற்றப் பார்த்தது. பாலப்படி ஏற அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. "வேலைய விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

போன தடவை நகர்மன்றக் கூட்டத்துக்கு நேரில் போனார். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்த புண்ணியவான்கள் ஆளுக்கொரு சொல் எடுத்துக்கொடுத்து, அவர் கேட்க வந்தது சாக்கடை என்று முடிவுகட்டி உட்கார வைத்தார்கள்.

இந்தத் தடவை கூட்டம் செல்போனில். ஆளுக்கு இரண்டு நிமிடம். கடையில் ஒரு காலிச் சட்டத்தில் போனைச் சாய்த்து வைத்து, மனைவியைப் பார்த்தபடி பேசினார். மடை திறந்த மாதிரி வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணிட்டு மறுபடி சொல்லுங்க" என்றார் நகராட்சித் தலைவரம்மா.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மைக்கை ஆன் செய்தார். "பா... பா..." என்றார், அதற்கு மேல் நகரவில்லை.

அவள் ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டாள். "அங்க பாக்காதீங்க. எங்கிட்ட சொல்லுங்க."

திக்கித் திக்கிச் சொன்னார். பாதியில் தலைவரம்மா, "ஐயா, நேரம்..." என்று ஆரம்பித்தார். அவள் சட்டென்று கையை நீட்டிப் போனின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாள். அவர் கவனிக்கவே இல்லை.

"பஸ்ல ஜ... ஜன்னலோரம் உக்காந்து, கூட வேலை பாக்கறவங்களோட சிரிச்சுக்கிட்டே போவா. நான் க... கடையிலேர்ந்து பாப்பேன். வேலை போனா அந்தச் சி... சிரிப்பும் போயிடும்."

இதை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பயந்துகொண்டே சத்தத்தைக் கூட்டினாள்.

"முடிச்சிட்டீங்களா ஐயா? நேரத்தப் பத்திக் கவலைப்படாதீங்கன்னுதான் சொல்ல வந்தேன்" என்றார் தலைவரம்மா. பிறகு உறுப்பினர்களிடம், "ஸ்டாப் இருக்கற எடத்துலயே இருக்கட்டுங்கறவங்க கை தூக்குங்க" என்றார். திரையில் ஒவ்வொரு கையாக முளைத்தது. போதுமான கைகள்.

மறுநாள் காலை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் கடைப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.