எக்ஸ்சேஞ்சிலிருந்து பதில்

மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து அன்றைக்குத்தான் வெள்ளோட்டம். பஞ்சைத் திரியாக்கும் கார்டிங், திரியை நூலாக்கும் ஸ்பின்னிங் என்று எல்லாப் பிரிவையும் ஒரே கம்பியில் கோத்து, ஒன்று கேட்பதை மற்றதற்குச் சொல்லும் புரோகிராமை, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தான் தெட்சிணாமூர்த்தி.

முன்பு அந்த வேலையைச் செய்தது எக்ஸ்சேஞ்சு அறையில் ஒரு டெலிபோன் பலகையும் பங்கஜவல்லியும். ஸ்பின்னிங் திரி கேட்டால் உடனே சொல்லிவிட மாட்டாள். "அண்ணே, திரி இருக்கா?" என்று கார்டிங்கில் கேட்பாள். "எடுத்துக்க ஆள் இருக்கா?" என்று ஸ்பின்னிங்கில் கேட்பாள். அப்புறம்தான் "சரிங்க, அனுப்புங்க." அவனுக்கு அவள் முதலில் குரல், பிறகு மனைவி. போன தையில் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. பலகையும் பழுதாகி ஸ்டோருக்குப் போனது.

ஸ்பின்னிங் மேஸ்திரி சோமு விசையைத் தட்டினார். அவர் திரி கேட்டது திரையில் வந்து அப்படியே நின்றது.

"என்ன தம்பி, பெட்டியும் டீ குடிக்கப் போயிடுச்சா?"

மேனேஜர் குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை. "சாயந்தரத்துக்குள்ள ஓடலன்னா பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க தெட்சிணா. எங்க நிக்குது?"

அவன் வரைபடத்தை விரித்தான். பிரிவுக்கு ஒரு கட்டம். நடுவில் இன்னொன்று. எல்லாக் கோடும் அதற்குள் போய்த்தான் வெளியே வந்தது. அங்கிருந்து பதில் வராமல் எதுவும் நகராது.

"இது எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"எக்ஸ்சேஞ்சு சார்."

"அங்க யாரு இருக்கா?"

சோமு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மில் எப்படி ஓடுச்சோ அப்படியே எழுதிட்டேன் சார்."

"எடுத்துடு. நேரா போகட்டும்."

"நேரா போனா ஆள் இல்லாத இடத்துல திரி குவியும் சார். கேட்டுட்டுத்தான் அனுப்பணும்."

அவர்கள் போன பிறகும் திரை காத்துக்கொண்டிருந்தது. பங்கஜவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வரும் அந்த இடைவெளியைப் புரோகிராம் நெடுக விட்டு வைத்திருக்கிறான். அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

நடுக் கட்டத்தை அழித்தான். அவள் கேள்விகளில் ஒன்றைக் கார்டிங்குக்கும் மற்றதை ஸ்பின்னிங்குக்கும் கொடுத்தான். இனி அவர்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

சாயந்தரம் சோமு மறுபடி தட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ்க் கேள்வி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார்: "எடுத்துக்க... ஆள்... இருக்கா." விரல் அந்தரத்தில் நின்றது.

"நம்ம பங்கஜம் கேக்குற மாதிரியே இருக்கு தம்பி."

"தட்டுங்கண்ணே."

தட்டினார். கார்டிங் பக்கம் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. மேனேஜர் கைகொடுத்துவிட்டுப் போனார். தெட்சிணாமூர்த்தி நகரவில்லை. திரி வந்து சேர்ந்தது. "சரிங்க, அனுப்புங்க" மட்டும் வரவில்லை.