கொஞ்சம் வந்து பிடி

"அதுல கை வைக்காதே" என்றாள்.

தம்பி அட்டைப்பெட்டியை மேசை விளிம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலே கிடந்த எல்லாவற்றையும் முழங்கையால் உள்ளே தள்ளிவிடத் தயாராக நின்றான்.

"அக்கா, நாலு மணிக்கு வண்டி வந்துரும். அதுவரைக்கும் வர்றவங்க உக்கார இடம் வேணாமா?"

"வெளியில உக்காரட்டும்."

வெறும் பெட்டியோடு அவன் போனான். முன்னறையில் அவள் கணவர் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார். காலை பத்து மணிவரை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இந்தச் சின்ன அறையில்தான் இருந்தது. மேசை விளக்கை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதன் வெளிச்சத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அரைகுறையாய் ஒரு பிளாஸ்டிக் போர் விமானம், பசைக்குப்பி, சாயக்குப்பிகள்.

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், தான் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால், "ஏறினா இறங்கணும்ல" என்பார். ஓய்வு பெற்றபின் இந்த மேசையில் இருபத்து மூன்று போர் விமானங்கள் செய்தார். அவள் இதற்கு ஏர்போர்ட் என்று பேர் வைத்திருந்தாள். ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கத் துப்பில்லை, இறக்கைக்கு நாலு ஏவுகணை மட்டும் மாட்டத் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து பிடி." அவ்வளவுதான்.

அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். "இதோ வரேன்" என்றாள். போகவில்லை. அவருடைய கொஞ்சம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் இப்படித்தான் வால் பகுதியைப் பிடிக்கச் சொல்லி நிறுத்திவைத்தார், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமே என்றுதான் இன்று நினைத்தாள். துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு வந்தபோது மணி பத்து. அவர் தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது.

எதைப் பிடிக்கச் சொன்னார்? இறக்கையையா, தன்னையா? காலையிலிருந்து அவள் மனசு இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தது. ஓடி வந்த மகள் முதலில் கேட்டதும் இதுதான்: "அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையாம்மா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து மகள் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் கணவரின் சிநேகிதர், பல் டாக்டர் வந்தார். அவருக்கும் இதே கிறுக்கு. தேய்ந்துபோன பல் கருவிகளை இவருக்குக் கொண்டுவந்து தருவார். இரண்டு பேரும் உட்கார்ந்தால் ஒரு சக்கரத்தைப் பற்றியே சாயங்காலம் முழுக்கப் பேசுவார்கள். அவரை இந்த அறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க அண்ணி."

நடந்ததைச் சொன்னாள். துணி அலசியதையும் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தார். எதையும் தொடவில்லை. யாரோ வாயைத் திறந்து காட்டுவதுபோல அவ்வளவு நேரம் பார்த்தார்.

"இந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும் அண்ணி. போட்டதும் ஒரு நிமிஷம் அசையாமப் பிடிக்கணும். அப்புறம் டேப்பு சுத்தணும். ஒரு ஆளுக்குக் கை பத்தாது."

"அதுக்குத்தான் கூப்பிட்டாரா?"

"டேப்பைப் பாருங்க. கத்தரிக்கோல் படவே இல்ல. பல்லால கிழிச்சிருக்கார். மேல முன்பல் ஒண்ணு அவருக்கு இல்ல, நான்தான் எடுத்தேன். அந்த இடத்துல மட்டும் டேப்பு கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்குது. ஒரு கையால ரெக்கையைப் பிடிச்சுக்கிட்டே வாயால கிழிச்சிருக்கார்."

அவள் குனிந்து பார்த்தாள். நாலு துண்டு டேப்பிலும் அந்த நீட்டல் இருந்தது.

பல்குத்தும் குச்சியில் ஒட்டி நிறுத்தியிருந்த விமானியை டாக்டர் காட்டினார். கடலைப்பருப்பு அளவு தலை. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் காப்பி வைக்க வந்தபோது அதில் சாயமே இல்லை.

"ஹெல்மெட்டுக்கு வெள்ளைச் சாயம் ரெண்டு தடவை பூசியிருக்கார். ஒண்ணு காஞ்சாத்தான் இன்னொண்ணு. அதுக்கே அரை மணி நேரம் ஆகும். மேல இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்க, மயிரிழை. நெஞ்சு வலிக்கிறவர் கை இதைப் போடாது. பிரஷ்ஷைக்கூடக் கழுவி முனை நீவி வச்சிருக்கார். வலி அதுக்கப்புறம்தான் வந்திருக்கும். வந்ததும் முடிஞ்சிருக்கும்."

போன உயிர் வந்தது அவளுக்கு. அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, இன்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அழுகை அடங்கியதும் சொன்னார்:

"மனசுல எதையும் போட்டுக்காதீங்க அண்ணி. எல்லாத்தையும் அவரே பண்ணிக்கிட்டார். அவருக்கு யாரும் தேவைப்படல."

நல்லதுக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இறக்கையைப் பிடித்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? குழாய்ச் சத்தம் நிற்கும் என்று பார்த்திருப்பாரா? பிறகு டேப்பை வாயில் வைத்திருப்பார். இரண்டாவது தடவை கூப்பிடுவது அவர் வழக்கமில்லை. முப்பத்தாறு வருஷமாக அதை ஒரு நல்ல குணம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

மகள் உள்ளே வந்தாள். "டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"அப்பா என்னைக் கூப்பிட்டார்டி. ரெக்கையைப் பிடிக்க."

"இல்லைன்னு சொன்னியே."

"கூப்பிட்டார். நான் போகல."

மகள் நின்றாள். பிறகு கை நீட்டி, காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் விமானம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அழுத்தாதே, சும்மா பிடி என்பார் எப்போதும். இறக்கையின் மேலே பெருவிரலையும் கீழே ஆட்காட்டி விரலையும் வைத்தாள். அது எப்போதோ இறுகிப்போயிருந்தது. துளிகூட அசையவில்லை.

வாசலில் வண்டி பின்னோக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, வண்டி வந்துருச்சு. வா."

"இதோ வரேன்" என்றாள். விரல்களை எடுக்கவில்லை.