சகலைகளின் எடைப் போட்டி

"அவ இங்க வந்தாளாக்கா?" என்று கேட்டபடி என் தங்கை புருஷன் எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தபோது, அவள் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கழுத்தில் அவன் விரல் தடம் இன்னும் மறையவில்லை. நான் முகம் மாறாமல், "வரலையே தம்பி, என்ன ஆச்சு?" என்றேன். வாஷிங் மெஷின் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் புகார் வாங்குவது என் வேலை. கிளம்பாத மெக்கானிக்கைக் கிளம்பிவிட்டார் என்று நாள் முழுக்கச் சொல்கிற வாய்க்கு இந்தப் பொய்யெல்லாம் எந்த மூலைக்கு?

அவன் போய்விட்டான். நம்பிவிட்டான் என்று நாங்களும் நம்பினோம்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது.

"அவ ரொம்ப இளைச்சுட்டா போலிருக்கே. நல்லா சாப்பிடச் சொல்லுங்கக்கா."

ஜன்னல் திரையையெல்லாம் இழுத்துவிட்டேன். எங்கோ கேமரா இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி, விளக்கு, ஸ்விட்ச் போர்டு ஒன்று விடாமல் கழற்றினார். தங்கை அவரையே ஒரு மாதிரி பார்த்தாள். பொய் சொல்வானேன், நானும் பார்த்தேன். பயம் வந்துவிட்டால் சொந்தப் புருஷன்கூட வேற்று ஆள்தான்.

முகம் கழுவப் போன தங்கை குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, காலைல இதுல ஏறி நின்னேன்."

தரையில் கிடந்தது எடை மெஷின். போன வருஷம் சகலைகள் இருவருக்கும் திடீரென்று தொப்பைக் கவலை வந்து, யார் முதலில் இளைப்பது என்று போட்டி போட்டார்கள். அவன்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி மெஷின் வாங்கினான். அதற்கான போன் ஆப்பில் நாங்கள் நாலு பேரும் ஒரே குழு. குழுவுக்குத் தலைவன் அவன், யாரும் அவனை நீக்க முடியாது. எந்த வீட்டு மெஷினில் யார் ஏறினாலும், எடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து நாலு போனுக்கும் சொல்லிவிடும். கம்பெனிக்காரன் கேட்டதற்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்தினோமே தவிர, ஒரு வரி படித்ததில்லை. போட்டி ஒரே மாதத்தில் மறந்துபோனது. வருகிற தகவலைக்கூட நாங்கள் பார்ப்பதில்லை. காலையில் ஏறி இறங்கும் பழக்கம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது.

"இப்பவே உடைச்சுப் போடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உடைச்சா, நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரியும். அவளை வேற எங்கயும் அனுப்புறதுக்குள்ள தெருமுனையில வந்து நின்னுடுவான்."

யோசனையும் நானே சொன்னேன். தண்ணீர் கேன் இரண்டு, மேலே ஒரு துணி மூட்டை. கூட்டிக் குறைத்து வைத்தால் தங்கையின் எடை வந்துவிட்டது. அவள் இங்கேயே இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அன்று மதியமே என் வீட்டுக்காரர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, வெளியூரில் அவருடைய சிநேகிதர் வீட்டுக்குக் கிளம்பினார். அவளுக்கு ஒரு இடம் அமையும்வரை அவரும் அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. தினமும் காலையில் நான் கேன்களை ஏற்றி இறக்கினேன். கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போன் அதிர்ந்தது.

"அக்கா, அவ செருப்பு போட்டுக்கிட்டா ஏறுறா? எடை மட்டும்தான் வருது. உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு வரவே மாட்டேங்குது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இன்னும் இறக்காத கேன்களுக்கு அடியில் இரண்டு உலோகத் தகடுகள் பளபளத்தன. வெறுங்கால் பட்டால்தான் அது கொழுப்பைக் கணக்கிடும். தினமும் கேன்களை இறக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் நானும் அதில் ஏறி நின்றிருக்கிறேன். வெறுங்காலோடுதான்; என் கொழுப்புக் கணக்கு மட்டும் தவறாமல் அவனுக்குப் போயிருக்கிறது.

அடுத்த செய்தி வந்தது.

"சகலையும் ரெண்டு நாளா ஏறலையே. ஊர்ல இல்லையா?"

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அவ பத்திரமா இருக்கா, நீ கவலைப்படாதே" என்றார். "நீங்க உடனே கிளம்பி வாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். எப்படியோ என் வேலைக் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"மாமா உள்ள குளிச்சுக்கிட்டு இருக்கார் தம்பி. அப்புறமா வாங்க."

கதவுக்கு மிக அருகில் அவன் குரல், மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டது.

"குளிச்சதும் அப்படியே மெஷின்ல ஒரு தடவை ஏறி நிக்கச் சொல்லுங்கக்கா. நான் இங்க நின்னே பார்த்துக்கறேன்."