நடிகையின் தோள்

பிசியோதெரப்பி கிளினிக்கில், திரைக்கு அந்தப் பக்கம் யாரோ "ஐயோ, அம்மா!" என்று அலறியதும் இவளுக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். பார்லர் முதலாளியம்மா! கத்தட்டும், நன்றாகக் கத்தட்டும்.

அந்த அம்மாளின் பார்லரில்தான் இவள் முடி அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கி டிரையரைப் பிடித்துப் பிடித்து, உள்ளே தசைநார் எலும்பில் உரசி வீங்கிவிட்டது. "அக்கா, நாற்காலியக் கொஞ்சம் இறக்கிக்கலாமா? தோள்ல உயிர் போகுது" என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "என்னமா நடிக்கிறா பாரு! நடிகைடி நீ" என்று சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா? வேலையை விட்டுத் துரத்தி, ஊரிலுள்ள பார்லருக்கெல்லாம் அந்தப் பட்டத்தையும் சொல்லியனுப்பினாள் மகராசி. ஓய்வு, ஐஸ் ஒத்தடம், ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி என்று இவள் தோள் தேறிவிட்டது. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று தெரப்பிஸ்ட்டும் சொல்லியாயிற்று. தோள் தேறி என்ன செய்ய? எந்த வாசலில் நின்றாலும், "ஓ, அந்த நடிகையா?" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

திரை விலகியது. முதலாளியம்மாவின் தலை காக்கைக்கூடாகக் கிடந்தது. சர்க்கரை வியாதியில் தோள்மூட்டின் உறை இறுகிப்போய், வலது கை காதுவரைகூட ஏறவில்லையாம்.

"ஊசி போட்டாச்சு. சூடா ஒத்தடம் குடுங்க, குனிஞ்சு கையத் தொங்கவிட்டு மெதுவா ஆட்டுங்க. சரியாக மாசக்கணக்காகும்" என்று சொல்லிவிட்டு, தெரப்பிஸ்ட் அடுத்த திரைக்குள் போனாள்.

பெஞ்சில் முழங்காலுக்குப் பட்டை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்லர் நடத்துகிறவள்தான். போன வாரம் இவளை வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

முதலாளியம்மா இவளையும் இவள் கையிலிருந்த ரப்பர் பட்டையையும் பார்த்துவிட்டாள். "ஏய், அந்த ரப்பரக் குடு. உனக்கும் தோள்தான், எனக்கும் தோள்தான். நானும் இழுத்தா சீக்கிரம் சரியாகிடும்."

கொடுத்துவிட்டால்? இறுகிக் கிடக்கிற தோளோடு இதை இழுத்தால் கூரை அதிரக் கத்துவாள். இவளுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்தக் கத்தலை வைத்துக்கொண்டு என்ன பண்ண? இவளுக்கு வேண்டியது அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

"இது உங்களுக்கு ஆகாதுக்கா. தலை ஏன் இப்படி இருக்கு?"

"கை ஏறலடி. சாயங்காலம் கல்யாணப் பொண்ணு வருது. கடைப் பொண்ணுங்ககிட்ட சொன்னா சிரிப்பாளுங்க." குரல் இறங்கியது. "நீ கொஞ்சம் பின்னி விடேன்."

குட்டையான ஸ்டூலில் அவளை உட்காரவைத்தாள். இந்த உயரத்தைத்தானே அன்றைக்குக் கேட்டாள்! சிக்கெடுத்து, பாதித் தலைக்கு அழகாகப் பின்னலும் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னடி?"

"ஒரு சந்தேகம்க்கா. உங்க வலி நெஜமா, நடிப்பா?"

"கொழுப்பா உனக்கு? உயிர் போகுது!"

"அப்ப என்னோடது?"

எதிரே கண்ணாடி. ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் பேய். முதலாளியம்மா பின்னாத பக்கத்தை இடது கையால் தடவிப் பார்த்தாள். பெஞ்சில் ஒரு கழுத்து நீண்டது.

"நெஜம்தான்" என்று முனகினாள்.

"காதுல விழலக்கா."

"நெஜம்தான்டி! நீ நடிக்கல! போதுமா?"

"அடிப்பாவி!" என்றாள் முழங்கால்வலிக்காரி. "உன் பேச்ச நம்பித்தானே இந்தப் பொண்ண வேணாம்னேன்!" பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல கடைக்கு வந்துடும்மா. நாற்காலிய உனக்கு ஏத்த மாதிரி இறக்கிக்க."

முதலாளியம்மா பல்லைக் கடித்தாள். "அதான் சொல்லிட்டேன்ல? மீதியப் பின்னு."

இவள் சீப்பை அவள் வலது கையிலேயே வைத்து, தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லிட்டீங்களேக்கா, என் வலி நெஜம்னு. இப்ப வலிக்குது."

கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். சீப்போடு மேலே போன கை, காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது.