மலைவீட்டு மாப்பிள்ளை

வத்தலக்குண்டில் பஸ் மாறியதும் ஜன்னலோர இடத்தை மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கமாக உட்கார்ந்தார் தாவீதுராஜ். பக்கத்தில் இருந்த பெண்மணிகூட, "இப்பிடி ஒரு மனுசன் அமையணுமே" என்றாள். அவர் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதல் வளைவு வருவதற்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது.

பாலவனத்தம் பக்கத்துக் கரிசல்காரர் அவர். பருத்தியும் கொத்தமல்லியும் போட்டு எடுப்பவர். ஐம்பது அடிக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கித் தூர் வாரும் ஆள் என்று ஊரில் பேர். மனைவி இன்பராணியோ கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அவர் காலமான பிறகு அந்த வீட்டில் தங்கை ஜெப ஷீலா மட்டும் இருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகிப் பதிமூன்று வருசத்தில் புருசனும் பெண்டாட்டியுமாகக் கோடை லீவுக்கென்று ஒருமுறைகூட மலைக்குப் போனதில்லை. கேட்டால் தாவீதுராஜ் வெள்ளாமை என்பார், கிணற்று வேலை என்பார். இந்தத் தொண்ணூற்றிரண்டில் மழையும் பொய்த்து, கிணறும் வற்றி, சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போயிற்று. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பிள்ளைகள் ரூபனையும் ஜாய்ஸையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மலைக்குப் போன முதல் நாளே பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ரூபன் குழாயடியில் தலையைக் கொடுத்துவிட்டு, குளிர் தாங்காமல் அலறிக்கொண்டு ஓடினான். ஏழு வயது ஜாய்ஸ், ரோட்டோரம் பாறையிடுக்கில் வழிந்து ஓடும் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சித்தியிடம் கேட்டாள்: "இத ராத்திரி யாரு வந்து அடைப்பாக?"

"யாரும் அடைக்க மாட்டாக. அதுபாட்டுக்கு ஓடும்."

"வீணாப் போயிருமே" என்று ஜாய்ஸ் கவலைப்பட்டாள்.

தினமும் விடிந்ததும் ஒரு நடை. ஏரியைச் சுற்றி ஒருநாள், பைன் மரக் காட்டுக்கு ஒருநாள். ஊதாப் பூ மரங்கள் இலையே தெரியாமல் பூத்து ரோடெல்லாம் உதிர்த்திருந்தன. வீட்டுக் கொல்லையில் பிளம்ஸ் காய் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ரூபன் அதையும் விடாமல் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். சமதரையான பாதைகளில் தாவீதுராஜும் கூடவே நடந்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டு போனது மலையை அல்ல, இன்பராணியை.

ஊரில் அவள் பள்ளிக்கூட டீச்சர். சேலை மடிப்புக் கலையாமல், குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுகூட அடக்கமாக நிற்பவள். இங்கே சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தங்கச்சியின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் போனாள். ஒரு திருப்பத்தில் திடீரென்று விசில் சத்தம் கேட்டது. மரத்தில் ஏதோ குருவி என்று அண்ணாந்து பார்த்தார். குருவி இல்லை. பதிமூன்று வருசம் கூட வாழ்ந்தவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் வட்டக்கானல் பக்கம் போகலாம் என்றாள் ஷீலா. அங்கே ஒரு பாறை, பள்ளத்தாக்குக்கு மேலே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளையில் அக்காளும் தங்கச்சியும் தினம் போய் உட்கார்ந்த இடம். மரவேர்களே படிக்கட்டாக இறங்கும் பாதை. இருபுறமும் மரங்கள் அடைத்துக்கொண்டிருந்த வரைக்கும் தாவீதுராஜுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓரிடத்தில் மரங்கள் முடிந்தன. அதற்கப்பால் பாறை. பாறைக்கு இருபுறமும் வெறும் ஆகாயம். மேகம் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அவர் பின்வாங்கிப் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியே வேரில் உட்கார்ந்தார்.

"நீங்க போங்க. செருப்பு வாரு அந்துபோச்சு. சரி பண்ணிட்டு வாரேன்."

ஷீலா பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். இன்பராணி திரும்பி வந்து அவர் செருப்பைப் பார்த்தாள். வார் நல்லாத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தாள். வியர்த்து வெளிறிப்போயிருந்தது. பள்ளத்தை மறைத்தாற்போல் அந்தப் பக்கமாக அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அவராகவே சொன்னார். "கெணத்துக்குள்ள எறங்குறப்ப சுத்திச் சுவரு இருக்கும். இங்க ஒண்ணுமே இல்லையே, ராணி."

"எப்பருந்து இப்பிடி?"

"நம்ம கல்யாணமான புதுசுல உங்க வீட்டுக்குப் பஸ்ஸுல வந்தமே, அன்னைலருந்து. ஜன்னல் வழியா ஒருவாட்டி கீழ பாத்தேன். அம்புட்டுத்தான்."

"பதிமூணு வருசமா வெள்ளாமைன்னு சொன்னீக."

"வெள்ளாமையும் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. கீழே கிடந்த சுள்ளியை எடுத்து ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பா அடக்கத்துக்கு வந்தீக. கல்லறையில மண்ணு ஈரங்கூடக் காயல. ரவைக்குத் தங்காம வெளிச்சத்தோட எறங்கிட்டீக. எங்க வீடு உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். சின்ன வீடு, ஆஸ்பத்திரி லைனு வீடு, அதான் உங்களுக்கு ஒட்டலன்னு. இத்தன வருசமும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தாவீதுராஜ் திடுக்கிட்டுப் போனார். இப்படி ஒன்று அவள் மனசில் கிடந்திருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. அன்றைக்கு இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்கிற ஒரே நினைப்பில் பஸ் ஏறியது ஞாபகம் வந்தது.

"வீடு புடிக்காம இல்ல ராணி. சத்தியமா இல்ல. ஆம்பள, பயமா இருக்குன்னு எப்பிடிச் சொல்லுறதுன்னு..."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறு கையை அவர் கை மேல் வைத்தாள்.

அதற்குள் ரூபன் பாறையிலிருந்து ஓடி வந்தான். "அப்பா, வாங்கப்பா. கீழ ஒரு ஊரே பொட்டு மாதிரி தெரியுது."

"அப்பாவுக்குக் கால்..." என்று இன்பராணி ஆரம்பித்தாள்.

தாவீதுராஜ் அவளைத் தடுத்து, மகனிடம் சொன்னார்: "இல்லலே. எனக்குப் பயமா இருக்கு."

பையன் நம்பமுடியாமல் பார்த்தான். போன கோடையில் கிணற்றில் குதிக்க நடுங்கியதற்காக இதே அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

"கெணத்துல குதிக்கணும்னா எனக்கு வருமே, அந்த மாதிரியா?"

"அப்பிடித்தான்போல."

ரூபன் யோசித்தான். "அப்ப ரொம்பத்தான் பயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். வீட்டுக்குத் திரும்பி ஏறும் வழி முழுக்க தாவீதுராஜ் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். பையன் இரண்டு எட்டுக்கு ஒருதரம், "இந்த வேரு ஆடுது, அங்குட்டு வைங்க" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அக்காளும் தங்கச்சியும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முழுக்க ஷீலாவுக்கு லீவு. பெருமாள் மலை உச்சிக்குப் போகலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். "வேணாம்டி, அவுகள விட்டுட்டு எப்பிடி வர? பிள்ளைகளுக்குச் சோறு யாரு குடுப்பா?" என்றாள் இன்பராணி.

தாவீதுராஜ் வாசலில் இருந்தே சொன்னார்: "நீ போயிட்டு வா. சோறு நான் வடிக்கிறேன்."

"நீங்களா?"

"கொழஞ்சா கொழஞ்சுட்டுப் போகுது."

விடியும் முன்பே இருவரும் கிளம்பினார்கள். தாவீதுராஜ் வாசலுக்கு வந்து, "பாத்து ஏறு" என்றார். அன்று காலை ஜாய்ஸுக்குச் சடை பின்னினார். ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயும் அமைந்தது. சோறு அவர் சொன்னபடியே குழைந்தது. மூன்று பேரும் அதில் ரசத்தை விட்டுப் பிசைந்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் மஞ்சுமூட்டம் இறங்கி, கோடை மழை பிடித்துக்கொண்டது. தாவீதுராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பஸ் நிற்கும் வளைவுக்குப் போனார். ரோட்டின் ஒருபக்கம் பள்ளம். மலையோரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. கடைசியில் ஒன்றிலிருந்து இன்பராணி இறங்கினாள். தலை முதல் கால் வரை நனைந்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, முகமெல்லாம் சிவந்து. பின்னால் ஷீலா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அத்தான், இவ உச்சியில போய் நின்னுக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா."

வீட்டுக்கு வந்து ஈரம் மாற்றி, சூடாக்கிய குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே இன்பராணி சொன்னாள். புல் எப்படிச் சறுக்கியது, பாதி வழியில் அட்டை எப்படி ஏறியது, ஷீலா எங்கே ஏற மாட்டாமல் உட்கார்ந்து அழுதாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தாவீதுராஜ் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"மேலருந்து நம்ம ஊரு தெரிஞ்சுச்சா?"

"அம்புட்டுத் தூரம் எங்க தெரியும்? ஒரு பக்கம் பூராம் வெளுப்பா, வெயிலு மட்டுந்தான் கெடந்துச்சு. அந்தப் பக்கமாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு மேகம் வந்துச்சு. எங்கள அப்பிடியே..." கொட்டாவி வந்தது. சுவரில் சாய்ந்தவள், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமலே தூங்கிப்போனாள். தாவீதுராஜ் தட்டை எடுத்து நகர்த்தி வைத்துவிட்டு, கம்பளியைக் கொண்டுவந்து கால்வரை இழுத்துப் போர்த்தினார். வீங்கியிருந்த கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணையையும் வைத்தார்.

"மேகம் வந்து என்னாச்சுப்பா?" என்றாள் ஜாய்ஸ்.

"உறங்கட்டும். முழிச்சதும் கேப்போம்."