மீன் ஏற்றாத கெப்

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் ஓடுகிறவள் என்று மார்த்தாவைக் குறிஞ்சிப்பிட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே தென்னந்தோட்டமும் வெங்காயப் பாத்தியும். இந்த ஊரிலேயே உயரமான இடம் பெரிய றோட்டில் போட்டிருக்கும் வேகத்தடைதான் என்று கடலுக்கு மீன் பிடிக்கப் போகும் அவளுடைய அண்ணன் கிளைட்டன் சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

கேட்டுக் கேட்டு மார்த்தாவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஆனால் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அது விளையாட்டு யோசனை அல்ல. பக்கத்தில் உள்ள கல்பிட்டிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் காற்றுக்காக வருகிறார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குவது அவர்கள் பொழுதுபோக்கு. காற்று விழுந்துவிட்டால் அவர்களுக்குக் கடல் செத்த கடல். அவர்கள் தங்கும் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த காலமெல்லாம், காற்றில்லாத நாட்களில் அவர்கள் ஊஞ்சலில் கிடந்து கொட்டாவி விடுவதை மார்த்தா பார்த்திருக்கிறாள். அவர்களை ஏற்றிக்கொண்டு மாத்தளைப் பக்கம் போய், தேயிலைச் சரிவில் சைக்கிளில் இறக்கினால் என்ன? வேலையை விட்டாள். பழைய சைக்கிள் நான்கு வாங்கித் தானே கழற்றிப் பூட்டினாள். மலையை இங்கே கொண்டுவர முடியாது. சைக்கிளை அங்கே கொண்டுபோக பின்னால் திறந்த பெட்டி உள்ள ஒரு கெப் வண்டி வேண்டும்.

முந்தல் என்ற ஊரில், வீதியோரமாக இருந்த வாகன விற்பனை முற்றத்துக்கு அண்ணனும் தங்கையும் ஓட்டோவில் போனார்கள். ஓட்டோவின் கூரையில் ஒரு சைக்கிளைக் கட்டியிருந்தாள் மார்த்தா. கடைக்காரர் முஹ்ஸின் கிளைட்டனுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். "தங்கச்சிக்கும் ஒரு கதிர கொண்டாங்க" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். அந்தக் கதிரை கடைசிவரை வரவில்லை.

"தம்பி, இந்த டபள் கெப்பப் பாருங்க. டொக்டர் ஒருத்தர் ஓடின சாமான். ஒரு கீறல் ஈக்காது."

"பின்பெட்டி எத்தின அடி?" என்றாள் மார்த்தா.

"டர்போ எஞ்சின் தம்பி. எந்த மலையில விட்டாலும் மூச்சு வாங்காது."

"பின்பெட்டி எத்தின அடி எண்டு கேட்டன்."

முஹ்ஸின் கிளைட்டனைப் பார்த்தே, "தங்கச்சிக்கு வெள்ளக் கலர் புடிச்சிரிக்கா?" என்றார்.

அதற்குமேல் மார்த்தா கேட்கவில்லை. ஓட்டோவில் இருந்து சைக்கிளை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நின்ற கெப் ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தாள். சிங்கிள் கெப்பின் பெட்டி நீளமானது. சைக்கிள் சொகுசாகப் படுத்தது.

"இத எடு" என்றான் கிளைட்டன். "பத்துப் பெட்டி ஏறும்."

"என்ன பெட்டி?"

மீன் பெட்டி என்ற பேச்சு வாயில் வரும் முன் அவன் டயரை உதைத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"முன்னுக்கு என்னோட ரெண்டு பேர்தான் இருக்கலாம். மூண்டாவது ஆள என்ன செய்யிற? மீன் மாதிரி ஐஸ் போட்டுப் பின்னால ஏத்தவா?"

அடுத்தது, முன் ஆசனங்களுக்குப் பின்னால் பாதி ஆசனம் வைத்த ஒரு வண்டி. அதில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. மலைக்குப் போய்ச் சேர நாலு மணித்தியாலம். அதில் ஆளை ஏற்றினால் வாந்தியோடுதான் இறக்க வேண்டும். மிஞ்சியது முஹ்ஸின் காட்டிய டபள் கெப். ஐந்து பேர் இருக்கலாம், ஆனால் பின்பெட்டி குட்டை. சைக்கிள் உள்ளே படுக்காது. மார்த்தா பின்கதவை நிமிர்த்திப் பூட்டினாள். பின்சில்லைப் பெட்டிக்குள் ஊன்றி, முன்சில்லைக் கதவுக்கு மேலால் தூக்கி வெளியே தொங்கவிட்டாள்.

"அல்லாஹ்வே, பெயின்ட்!" என்று முஹ்ஸின் கதிரையை விட்டு எழும்பினார். அன்று முதல் தடவையாக அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"கம்பளிய மடிச்சுப் போட்டாக் கீறாது. இப்பிடி நாலு சைக்கிள் வரிசையா நிக்கும். இதையே தாங்க."

அப்படித்தான் அந்த வெள்ளை டபள் கெப் வீட்டுக்கு வந்தது. காசில் பெரும் பங்கு மார்த்தாவுடையது. தந்தை அருமைநாயகம் பழைய வள்ளத்தை விற்றுக் கொஞ்சம் போட்டிருந்தார். "நாலு சில்லில ஒண்டு என்ட" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். கெப் படலைக்குள் நுழைந்த அன்றே மார்த்தா அண்ணனை நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

"இதில மீன் ஏறாது."

"ஏறாது."

"அவசரம் எண்டாலும் ஏறாது."

"அந்தோனியாராணை ஏறாதடி. மலைக்காரி, போ."

இரண்டு மாதம் சத்தியம் நின்றது. பிறகு காற்று விழுந்தது. காற்று விழுந்தால் வெள்ளைக்காரர்களுக்கு வேலையில்லை, மார்த்தாவுக்கு வேலை. ஆனால் காற்று விழுந்தால் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். அன்றைக்குத்தான் வள்ளங்களுக்கும் மீன் அள்ளிக்கொண்டு வரும். ஒரே அமைதி இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டது. மார்த்தா அதுவரை அதை யோசித்துப் பார்த்ததில்லை.

மூன்று பெல்ஜியம்காரர்கள் மலைக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் பகலே சைக்கிள்களைக் கெப்பில் ஏற்றித் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டு, அவர்களோடு கதைத்துவர ஹோட்டலுக்கு நடந்து போனாள். விடியற்காலையில் புறப்படும்போது படங்கைத் தூக்கி லைட் அடித்துப் பார்த்தாள். சைக்கிள்கள் பளபளவென்று நின்றன. அண்ணன் துடைத்திருக்கிறான் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மீன் வாடை அடித்ததுதான். அந்தக் கரையில் மீன் வாடை ஒரு செய்தியா?

தேயிலைச் சரிவின் உச்சியில் சைக்கிள்களை இறக்கி, வழக்கம்போல் ஒவ்வொன்றின் பிரேக்கையும் பிடித்துப் பார்த்தாள். நின்ற இடத்தில் பிடி இறுக்கமாகவே இருந்தது. அவள் முன்னால் போனாள். முதல் வளைவு பிரேக் தேவைப்படாமலே நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினாள், சைக்கிள் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினாள். விரல் கைபிடியோடு ஒட்டிக்கொண்டது, சில்லு மட்டும் சுகமாக உருண்டது. பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்க, நில் நில் என்று அவள் போட்ட சத்தம் தமிழிலா ஆங்கிலத்திலா என்பது அவளுக்கே தெரியாது. மானாப்புல்லுக்குள் தன்னைச் சரித்து விழுத்திக்கொண்டாள். அடுத்து வந்த பெண்ணுக்கு அந்தப் புத்தி வரவில்லை. அவள் நேரே போய் மண்மேட்டில் மோதினாள். மணிக்கட்டு முறிந்தது. மற்ற இருவரும் காலை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டார்கள்.

புல்லில் கிடந்தபடியே மார்த்தா தன் சைக்கிளின் பிரேக் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். எஞ்சின் ஒயில். ஒயிலுக்கு அடியில் சாளை மீன் வாடை.

அன்றைய பகல் ஆஸ்பத்திரியில் போயிற்று. திரும்பி வரும் வழியில் ஹோட்டல் முகாமையாளர் போன் எடுத்தார். "கொஞ்ச நாளைக்கு உங்களிட்ட ஆள் அனுப்ப ஏலாது மார்த்தா" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள், அழுதால் கோபம் கரைந்துவிடும். அந்தக் கோபத்தை அவள் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

கடற்கரையில், மீனவர் வாடிக் குடிசையில் கிளைட்டன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் தந்தை. அவளுடைய கையில் இருந்த சிராய்ப்பைக் கண்டதும் இருவரும் எழும்பினார்கள்.

"ஐயோ, என்னடி நடந்தது?"

"நேற்று என்ட கெப்பில மீன் ஏத்தினியா?"

கிளைட்டன் தந்தையைப் பார்த்தான். தந்தை கடலைப் பார்த்தார்.

"லொறி வரல்ல மார்த்தா. கரை முழுக்கச் சாளை. வெயிலுக்க விட்டா நாறிப் போயிரும். நாலே நாலு பெட்டி, புத்தளத்துக்குக் கொண்டு போய்ப் போட்டுட்டு உடன வந்திட்டன்."

"சைக்கிளுக்கு மேல வச்சா?"

"மேல இல்ல, இடையில. மீன் தண்ணி பட்டுட்டுதுதான். அதுக்குத்தானே நான் வந்து எல்லாத்தையும் கழுவி, எஞ்சின் ஒயில் போட்டுத் துடைச்சு விட்டன்? ஒரு கம்பி விடல்ல. அந்தத் தட்டு இருக்கே, சில்லுக்கு நடுவில, அதுக்கு ரெண்டு தரம் போட்டன். உப்புப் பட்டாத் துருப் பிடிச்சிருமே."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. பாராட்டை எதிர்பார்க்கிறவன் போலக்கூட இருந்தான். இந்தக் கரையில் இரும்பைக் கண்டால் ஒயில் போடுவார்கள். எஞ்சினுக்கு, நங்கூரத்துக்கு, கதவுப் பிணைச்சலுக்கு. இரும்பு மேல் உள்ள அக்கறையை அவன் வேறு எப்படிக் காட்டுவான்? அது தெரிந்ததும் மார்த்தாவுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஏசி முடித்திருக்கலாம். இது அன்பாக வந்து ஒரு பெண்ணின் கையை முறித்திருக்கிறது. இதை எங்கே பிடித்து ஏசுவது?

"அது பிரேக்" என்றாள். "அந்தத் தட்டைக் கவ்வித்தான் சைக்கிள் நிக்கும். நீ ஒயில் போட்டிருக்கிற. ஒருத்திக்குக் கை முறிஞ்சு போச்சு. கழுத்து முறிஞ்சிருக்கும்."

கிளைட்டனின் கையில் இருந்து வலை நழுவியது. "எனக்குத் தெரியாதடி" என்றான், சின்னக் குரலில்.

"தெரியாதுதானே? கேட்டிருக்கலாமே. மீன் ஏத்த முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ ஓம் எண்டிருப்பியா?"

"இல்ல."

"அதுதான் கேக்கல்ல."

"அதுக்குத்தான் கேட்டிருக்கணும்!"

பக்கத்து வாடிகளில் ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றுபோனது. அருமைநாயகம் நடுவில் வந்தார். "போதும் மகள். அவன் வேணுமெண்டா செய்தவன்? இந்த மீன் தானே உன்னப் படிப்பிச்சது. அதோட, நாலு சில்லில ஒண்டு என்ட எண்டு..."

"கழட்டித் தாறன் பப்பா. உங்கட சில்லக் கழட்டித் தாறன், அதில மீன ஏத்தி உருட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போங்க."

தள்ளி நின்ற யாரோ சிரித்தார்கள். தந்தை சிரிக்கவில்லை. மார்த்தாவும் சிரிக்கவில்லை. பகிடி அவள் வாயில் அப்படி வந்து விழுந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என்ன சொன்னாலும் கடைசியில் அவளுடைய வேலை இந்தக் கரைக்கு ஒரு பகிடிதான். கடலில் இருந்து வருவது வேலை. அவளுடையது, வேலைக்கு நடுவே நிறுத்தி வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான். அவசரம் வந்தால் தள்ளி வைக்கலாம். கேட்கத் தேவையில்லை.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் கதைத்தன. மார்த்தா தட்டுகளைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்தாள். ஊறிப்போன பிரேக் கட்டைகளை வீசிவிட்டுப் புதியவற்றுக்குக் கொழும்புக்குச் சொல்லியனுப்பினாள். ஹோட்டலில் இருந்து அழைப்பு வரவில்லை. ஒரு கிழமைக்குள் காற்று மறுபடி விழுந்தது. அவளுக்கு ஏற்றுவதற்கு ஆள் இல்லை. கெப் முற்றத்தில் வெயில் காய்ந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். கிளைட்டன் கடற்கரையில் இருந்து ஓடி வந்தான். சாறத்தை மடித்துக் கட்டியிருந்தான், முழங்கால்வரை செதில். வாசல்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. கெப்பின் சாவி வாசலை ஒட்டிய அலுமாரியின் மேலே, அவன் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கிடந்தது.

"லொறி பழுதாம்" என்றான். "ஏழு பெட்டி."

மார்த்தா செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மார்த்தா. கெப்பக் கொண்டு போகட்டா?"

அவள் நிமிர்ந்தாள்.

"சைக்கிள் ஒண்டும் அதில இல்லையே. சும்மாதானே நிக்குது?"

"ஓம். சும்மாதான் நிக்குது."

"அப்ப?"

ஏழு பெட்டி மீன் வெயிலில் கிடப்பது அவளுக்குத் தெரியும். அது என்ன பாடுபட்டுப் பிடித்தது என்பதும் தெரியும். கெப்பைக் கழுவிவிடலாம், இரண்டு தரம் கழுவலாம் என்பதும் தெரியும்.

"ஏலாது" என்றாள்.

கிளைட்டனின் தாடை இறுகியது. அவன் கண் ஒருமுறை அலுமாரியின் மேலே போய் வந்தது. மார்த்தா அதைக் கண்டாள், அசையவில்லை.

"உனக்கு நெஞ்சுக்க என்னடி இருக்கு, கல்லா?" என்று கத்தினான். ஏசிக்கொண்டே திரும்பினான், ஏசிக்கொண்டே படலையை உதைத்துத் திறந்தான், வீதியில் போன ஓட்டோவைக் கைகாட்டி மறித்தான். ஓட்டோக்காரன் மீன் ஏற்ற மாட்டேன் என்பதும், கிளைட்டன் அவனுடைய பரம்பரையையே இழுப்பதும், கடைசியில் இரண்டு பேருமாகக் கடற்கரைப் பக்கம் போவதும் அவளுக்குக் கேட்டது.

கோபம் போகவில்லை. அவன் மேல், தந்தை மேல், சாளை மேல், தன் மேல், எல்லாவற்றின் மேலும் அது அப்படியே இருந்தது. ஆனால் அவன் கேட்டான். மாட்டேன் என்று ஒருத்தி சொல்லக்கூடும் என்று தெரிந்தே கேட்டான். சொன்ன பிறகு சாவியைத் தொடாமல் போனான்.

துணியை எடுத்து மறுபடி செயினைத் துடைக்கத் தொடங்கினாள்.